பகலில் போட்ட பலகை

அத்தியாயம் 9

பொன்ராஜ் விட்டுக் கொடுத்துவிட்டார் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்த மனிதர் எதையாவது விட்டுக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. அதனால் திருச்சுழிக் கடைத்தெருவில் அன்றைக்கு முழுக்க அதே பேச்சாக இருந்தது.

விஷயம் இதுதான். இனிமேல் ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் அடைக்க வேண்டும் என்று வியாபாரிகள் சங்கம் தீர்மானம் போட்டது. எல்லாரும் ஒரே நாளில் அடைத்தால் கிராமத்து ஜனங்கள் வெறும் பையோடு திரும்ப வேண்டிவரும் என்று ஆளுக்கு ஒரு கிழமை பிரித்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் பொன்ராஜின் பலசரக்குக் கடைக்குப் புதன்கிழமை விழுந்தது. சங்கம் கூடியது செவ்வாய்க்கிழமை. ஆகவே ஊரிலேயே முதன்முதலாக அடைக்கிற கடை என்ற பெருமையும் அவர் தலையில் விழுந்தது.

"ஒரு வாரம் பாப்போம். அன்னிக்கு ஏதாச்சும் ஏடாகூடமா நடந்துச்சு, அடுத்த புதன் நானே வந்து பலகைய எடுப்பேன். சங்கமாவது, தீர்மானமாவது!" என்று சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அந்தக் கடைக்குக் கதவே பலகைதான். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் செருகுகிற மரப்பலகைகள். விடியுமுன் பலகையை எடுத்தால், ராத்திரி கடைசி பஸ் போன பிறகுதான் மறுபடி போடுவார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூட ஒரு பலகையாவது திறந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் அத்தனை பலகையும் போட்டிருக்கிறது என்றால் அந்த வீட்டில் சாவு. நரிக்குடி வரைக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பொன்ராஜ் கடையில் கடைசியாகப் பகலில் பலகை போட்டது, அவர் மனைவி சுந்தராம்பாள் இறந்த அன்றைக்கு.

இன்னொன்றும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அருப்புக்கோட்டையில் இரண்டாவதாக ஒரு கடை பிடித்து அப்பாவும் மகனும் சாவியும் வாங்கி வந்துவிட்டார்கள். அதை நடத்தப் போகிறவன் மகன் சண்முகவேல். தினம் முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வர வேண்டும். இந்தச் சேதி அவன் மனைவி சௌந்தரத்துக்கு மட்டும் இன்னும் தெரியாது. சாவி சண்முகவேலின் வேட்டி மடியில் இருந்தது. சொல்ல வேண்டிய பேச்சு தொண்டையில் இருந்தது. இரண்டும் உறுத்தின.

புதன்கிழமை விடிந்தது.

சண்முகவேல் வழக்கம்போல் இருட்டோடு எழுந்து, குளித்து, திருநீறு பூசி, செருப்பை மாட்டினான். அதற்கப்புறம்தான் எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றினான். கொஞ்ச நேரம் நின்றான். மறுபடி மாட்டினான்.

"என்னங்க, வாசல்லயே நிக்கிறீக?" என்றாள் சௌந்தரம்.

"சும்மாதான்."

"உள்ள வாங்க. இது உங்க வீடுதான்."

மகள் சுந்தரி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். ஒண்ணாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் டீச்சர் 'உங்கப்பா எங்கே இருக்கார்?' என்று கேட்டதற்கு, 'கடையில இருக்காரு, எங்க வீட்டுல இல்ல' என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தவள். அப்பா பாயில் உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்த்ததும் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சலா?"

சௌந்தரத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சண்முகவேலுக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் எங்கேயோ சுருக்கென்றது.

பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு அவனுக்குக் கை துறுதுறுவென்றிருந்தது. அடுக்களைக்குள் போனான். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். துவரம்பருப்பு டப்பாவில் வண்டு ஓடியது. மிளகாய் வற்றலில் பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஏன் சௌந்தரம், பலசரக்குக் கடைக்காரன் வீட்டுல இந்தப் பருப்பையா ஆக்குற?"

"நீங்க அனுப்புறதத்தான் ஆக்குறேன். விக்காததெல்லாம் சாக்குல கட்டி வீட்டுக்குத்தான வருது? கல்யாணம் ஆனதுல இருந்து இதத்தான் திங்கிறீக. அர்த்த ராத்திரியில வந்து அரைத் தூக்கத்துல தின்னா எந்தப் பருப்புன்னு எப்படித் தெரியும்?"

அவன் டப்பாவை மூடி வைத்தான். சௌந்தரம் விடவில்லை. ஆள் கையில் கிடைத்திருக்கிறான். இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது?

"அம்மியும் தேஞ்சு போச்சு. கொத்தணும்."

"சரி. வேற?"

"மேக்கால ஓடு ஒழுகுது. அடுத்த மழைக்குத் தாங்காது."

"வேற?"

"எனக்கு இடுப்புல ஒரு வலி. குனிஞ்சா நிமிர முடியல."

"வேற?"

சௌந்தரம் கரண்டியைக் கீழே வைத்தாள். சண்முகவேலின் விரல்கள் காதில் செருகியிருக்கும் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தன. இன்றைக்குக் காதில் பென்சில் இல்லை.

"நான் ஒண்ணும் சாமான் வாங்க வந்து நிக்கலங்க" என்றாள்.

அவன் முகம் விழுந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை அதே வார்த்தை. அரைக் கிலோ சீனி என்றால் வேற, ஒரு பாக்கெட் ஊதுபத்தி என்றால் வேற. படியும் வீசையும் போய்க் கிலோ வந்தது. அந்த 'வேற' மட்டும் மாறவில்லை.

"குண்டாத்துல தண்ணி வந்திருக்காமே?" என்று அவளே பேச்சை மாற்றினாள். அவன் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது.

"ஆமா. கடைக்கு வந்தவுக சொன்னாக."

"ஒவ்வொரு தடவையும் கடைக்கு வந்தவுகதான் சொல்லுறாக. நீங்க வந்து எங்கிட்டச் சொல்லுறீக. நாம பாக்கப் போறதுக்குள்ள வத்திருது. கல்யாணம் ஆகி எட்டு வருசம் ஆச்சு, உங்களோட ஒரு தடவ ஆத்துத் தண்ணியில காலு நனைச்சேனா?"

சண்முகவேல் மடியைத் தடவிப் பார்த்தான். சாவி இருந்தது. ஆற்றங்கரையில் வைத்துச் சொல்லிவிடலாம், அங்கே சத்தம் போட்டாலும் நாலு பேருக்குக் கேட்காது என்று நினைத்தான்.

"சோத்த வடிச்சிட்டு வா, போவோம்" என்றான்.

அவர்கள் இரண்டு பேரும் நடுப்பகலில் தெருவில் நடந்து போனதைத் தெருவே எட்டிப் பார்த்தது. புருஷனும் பெண்டாட்டியும் பகலில் சேர்ந்து போனால் அது ஒரே ஒரு இடத்துக்குத்தான் என்பது அந்தத் தெருவின் எண்ணம்.

"ஆஸ்பத்திரிக்கா தாயி?" என்று எதிர்வீட்டு ஜக்கம்மாள் கவலையாகக் கேட்டாள்.

"இல்லக்கா. சும்மா ஆத்தப் பாக்க" என்றாள் சௌந்தரம். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கடைத்தெருவில் காலையில் நடந்த ஒன்று இவர்களுக்குத் தெரியாது.

பொன்ராஜ் வீட்டில் இருக்க முடியாமல், அடைத்த கடைக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சங்கத்துக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. ஒரு தீப்பெட்டிகூட விற்கவில்லை. ஆனால் கடையைத் தனியாக விட்டுப் போகவும் மனசு வரவில்லை. பலகையில் சண்முகவேல் சாக்கட்டியால் 'இன்று விடுமுறை' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தான். அப்பா அதன் மேலேயே முதுகைச் சாய்த்ததில் எழுத்தெல்லாம் அவர் முதுகுக்குப் போய்விட்டது. மழை விட்டுக் காய்கிற கார்த்திகை வெயில் சுள்ளென்று உறைத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

நரிக்குடி போகிற பஸ் வந்து நின்றது. ஜன்னலோரத்தில் சுப்பம்மாள் இருந்தாள். நரிக்குடியில் சௌந்தரம் பிறந்த தெருவில்தான் அவளுக்கும் வீடு. போட்ட பலகையைப் பார்த்தாள். தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்தாள்.

"ஐயையோ! என்ன பெரியவரே, இப்படி ஆகிப்போச்சே!"

கடை அடைத்திருப்பதைத்தான் சொல்கிறாள் என்று பொன்ராஜ் நினைத்தார். அவருக்கும் அதே துக்கம்தானே?

"என்ன செய்யச் சொல்லுற தாயி? நம்ம கையில என்ன இருக்கு?" என்று இரண்டு கையையும் விரித்தார்.

"வயசான நீங்க இருக்கயில..."

"அதான் பாரு. இதையும் இந்தக் கண்ணால பாக்கணும்னு எழுதியிருக்கு."

சுப்பம்மாள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நரிக்குடி போய்ச் சேரும் வரைக்கும் அவள் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை. இறங்கினதும் நேரே ஓடியது சௌந்தரத்தின் அண்ணன் ராஜகுருவின் ஜவுளிக்கடைக்கு.

குண்டாறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தான். இன்றைக்குச் செம்மண் நிறத்தில் அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆழமில்லை, முழங்கால் அளவு. இரண்டு பேரும் கரையோரக் கருவேல மர நிழலில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தார்கள். நடுவில் அவள் முந்தியில் முடிந்து வந்த வறுகடலை.

சௌந்தரம் மெல்லப் பேச ஆரம்பித்தாள். சுந்தரி பள்ளிக்கூடத்தில் பாடின பாட்டு, ஜக்கம்மாள் வீட்டுப் பசு கன்று போட்ட கதை, கொல்லையில் தானாக முளைத்த பூசணி. எல்லாம் சின்னச் சின்ன விஷயம்.

"வேற?" என்றான் சண்முகவேல்.

அவள் சட்டென்று திரும்பினாள்.

"இப்ப நெசமாத்தான் கேக்குறேன். ஒனக்குப் பின்னால யாரும் பையோட நிக்கல" என்றான் அவன்.

சௌந்தரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. அது துக்கத் தண்ணீர் இல்லை.

"தினமும் சோறு போடயில சொல்லணும்னுதாங்க நெனப்பேன். ரெண்டு வாய் திங்கிறதுக்குள்ள உங்களுக்குக் கண்ணு சொருகிரும். பாவம், தூங்கட்டும்னு அப்படியே முழுங்கிருவேன். முழுங்கி முழுங்கி எதச் சொல்லணும்னே மறந்து போச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உங்க எடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்கு. அது இன்னிக்குத்தான் தெரியுது எனக்கு."

"எனக்கே தெரியாதே!"

"எப்பப் பாத்தாலும் சிம்னி விளக்கு வெளிச்சத்துல பாத்தா மச்சம் தெரியுமா, மூஞ்சி தெரியுமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கும்போது கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி விழுவதை அவனும் அன்றைக்குத்தான் பார்த்தான். சண்முகவேலின் கை மடிக்குப் போனது. இப்போது சொன்னால் இந்த முகம் மாறிவிடும். இன்னும் ரெண்டு கடலை தின்ற பிறகு சொல்லலாம் என்று கையை எடுத்துவிட்டான். நாம் எல்லோரும் இப்படித்தான், நல்ல நேரத்தில் கெட்ட சேதியைச் சொல்ல யாருக்குத்தான் வாய் வருகிறது?

அந்த நேரம் பார்த்துக் கடைத்தெருவில் நரிக்குடி பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு ரோஜா மாலை. அதன் பின்னால் ராஜகுரு. அவன் பின்னால் அவன் மனைவி முத்துலட்சுமி, சுப்பம்மாள், தெருப் பெண்கள் நாலைந்து பேர். பலகையைப் பார்த்ததும் ஒப்பாரி கிளம்பியது.

முக்காலியில் கண்ணயர்ந்திருந்த பொன்ராஜ் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

"எப்படி மாமா ஆச்சு?" என்று ராஜகுரு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

"எது எப்படி ஆச்சு?"

"மறைக்காதீக மாமா. எங்க கிடத்தியிருக்காக?"

பொன்ராஜ் மாலையைப் பார்த்தார். முத்துலட்சுமி கையில் மடித்து வைத்திருந்த புதுச் சேலையைப் பார்த்தார். ஒரு பெண் இறந்தாலும், அவள் புருஷன் இறந்தாலும், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வந்தாக வேண்டும். கோடி என்று அதற்குப் பேர்.

"ஏய்யா... யாருக்குய்யா இது?"

"அதத்தான் நாங்க கேக்குறோம். தங்கச்சிக்கா, மாப்பிள்ளைக்கா?"

மகனும் மருமகளும் ஆற்றுக்குப் போனது தெருக்காரர்கள் சொல்லிப் பொன்ராஜுக்குத் தெரியும். ஆற்றில் வெள்ளம் போகிறது. இவர்கள் மாலையும் கோடியுமாக வந்து நிற்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற தனக்குத் தெரியாதது நரிக்குடிக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்க அவருக்கு அப்போது தோன்றவில்லை.

"அவுக ரெண்டு பேரும் ஆத்துக்குல்ல போனாக!" என்றார்.

"ரெண்டு பேருமா!" என்று அலறினாள் முத்துலட்சுமி.

பொன்ராஜ் ஓடினார். கடையைக் கட்டிக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், முக்காலியை உருட்டிவிட்டு, துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். நரிக்குடிக் கூட்டம் அழுதுகொண்டே பின்னால் ஓடியது.

"அங்க ஏதோ கூட்டம் வருதுங்க" என்றாள் சௌந்தரம்.

சுடுகாடும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. சண்முகவேல் தூரத்தில் மாலையைப் பார்த்தான், ஒப்பாரியைக் கேட்டான், மரியாதைக்கு எழுந்து நின்றான்.

"யாரு வீட்டுலயோ பெரிய காரியம் போல. பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

"முன்னால ஓடி வாரது மாமா மாதிரி இல்ல?"

"அப்பாவா? கடைய விட்டுட்டு அவரு எப்படி வருவாரு?"

பொன்ராஜேதான். இரண்டு பேரும் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. மகன் கையையும் மருமகள் கையையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார்.

ராஜகுரு வந்த வேகத்தில் தங்கையைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். ரோஜா மாலை இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது.

"அண்ணே, என்னண்ணே? வீட்டுல யாருக்கு என்ன?"

"நீ செத்துட்டன்னு வந்தோம்த்தா!"

கேள்வியும் பதிலுமாக எல்லாம் வெளியே வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைக்கு லீவு என்பது ராஜகுருவுக்குப் புரிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆபீசுக்கு லீவு உண்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு உண்டு. உடம்புக்கு ஒன்றும் இல்லாத வியாபாரிக்கு எதற்கு லீவு?

சௌந்தரத்தின் பார்வை அண்ணி கையிலிருந்த சேலைக்குப் போயிருந்தது. கத்தரிப்பூ நிறம். நல்ல அகலமான சரிகைக் கரை.

"அது என்ன சேலை அண்ணி?"

முத்துலட்சுமி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "தொடாத. கோடி. இத இப்படியே ஆத்தோட விட்டுருவோம்."

"ஆத்தோடயா?" சௌந்தரம் எட்டி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணே, ஜவுளிக்கடை வச்சிருக்க. தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு ஒரு சேலை கொடுப்ப, தண்ணியில போட்டதும் சாயம் போயிரும். செத்துப்போனேன்னதும் இப்படி ஒண்ண எடுத்துட்டு வந்திருக்க. இத நான் கட்டாம யாரு கட்டுறது?"

ராஜகுருவுக்கு அழுகைக்கு நடுவில் வெட்கம் வந்தது. ஆனால் முத்துலட்சுமிக்கும் சுப்பம்மாளுக்கும் முகம் வெளுத்துவிட்டது. உயிரோடு இருப்பவளுக்குக் கோடி வந்ததே அபசகுனம், அதை அவள் தோளில் வேறு போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"மாமா, இது ஆகாது" என்றான் ராஜகுரு. "பகல்ல பலகை போட்டதாலதான இத்தனையும்? முதல் நாளே இப்படின்னா, அப்புறம் என்னென்ன வருமோ. வாங்க, இப்பவே போயி பலகைய எடுத்து, சாம்பிராணி போட்டு யாவாரத்தத் தொடங்கிருவோம்."

எல்லாரும் பொன்ராஜைப் பார்த்தார்கள். ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் என்று அவர்தான் சொல்லியிருந்தார். இதைவிட ஏடாகூடம் என்ன வேண்டும்? சௌந்தரத்துக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு ஒரு புதன்கிழமை கிடைத்தது, அதுவும் அரை நாளில் முடிந்தது. சேலையை மெதுவாக மடிக்க ஆரம்பித்தாள். சண்முகவேல் வாயைத் திறந்தான். அப்பா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

பொன்ராஜ் எழுந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது. அங்கேயே நின்றார். முதுகில் சாக்கட்டி எழுத்து இடம் வலம் மாறியும் கலைந்தும் தெரிந்தது.

"தண்ணி குளுகுளுன்னு இருக்கு" என்றார்.

குனிந்து கையைத் தண்ணீரில் விட்டார்.

"ஒங்க அத்த கேப்பா. ஒவ்வொரு மழைக்கும் கேப்பா, ஆத்துல தண்ணி வந்திருக்காம், போயிட்டு வருவமான்னு. கடையப் போட்டுட்டு எப்படிடீ வாரதும்பேன். அடுத்த வருசம் பாப்போம்பேன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவளோட இந்தக் கரைக்கு நான் வந்தது ஒரே ஒரு தடவதான். அன்னிக்கு நாலு பேரு அவளத் தூக்கிட்டு வந்தாக. அன்னிக்கு ஆத்துல தண்ணி இல்ல."

அவர் கையில் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். எது ஆற்றுத் தண்ணீர், எது கண்ணீர் என்று கரையில் நின்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான். எல்லாருக்கும் தெரிந்தது. சண்முகவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

கரைக்கு ஏறி வந்தபோது பொன்ராஜ் பழைய பொன்ராஜாகத்தான் இருந்தார்.

"ஏத்தா சுப்பம்மா!"

"சொல்லுங்க" என்றாள் அவள்.

"நரிக்குடியில போயிச் சொல்லு. போற வழியில பஸ்ஸுலயும் சொல்லு. இனிமே புதன்கிழமை எங்க கடையில பலகை போட்டிருந்தா, நாங்க எல்லாரும் உசுரோட இருக்கோம்னு அர்த்தம்."

சௌந்தரம் மடித்த சேலையைப் பிரித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். முத்துலட்சுமிகூடத் தடுக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கத்தரிப்பூ நிறம் அவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது.

திடீரென்று ராஜகுரு தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயையோ! நான் எங் கடையப் பகல்லயே பலகை போட்டுட்டு வந்துட்டேனே! இந்நேரம் எங்க வீட்டுக்கு எத்தன பேரு மாலையோட வந்து நிக்கிறாகளோ!"

ஒப்பாரி வைத்த அதே வாய்கள் சிரிக்க ஆரம்பித்தன. சிரித்துக்கொண்டே கரையேறினார்கள். சண்முகவேலும் சிரித்துக்கொண்டே குனிந்து நனைந்த வேட்டியைப் பிழிந்தான். மடி அவிழ்ந்தது. சாவி மணலில் விழுந்தது.

அவன் குனிவதற்கு முன்னால் சௌந்தரம் குனிந்துவிட்டாள்.

புதுச் சாவி. பளபளவென்று இருந்தது. வீட்டுப் பூட்டு, பெட்டிப் பூட்டு, சரக்குக் கிட்டங்கிப் பூட்டு என்று அந்தக் குடும்பத்துச் சாவி ஒவ்வொன்றும் அவள் கை பட்டது. இது அதில் எதுவும் இல்லை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதோடு தொங்கின தகட்டில் அருப்புக்கோட்டை என்று எழுத்து வெட்டியிருந்தது. புருஷனைப் பார்த்தாள். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஆற்றைப் பார்த்தார்.

"அருப்புக்கோட்டையிலயா?" என்றாள்.

சண்முகவேல் தலையை மட்டும் ஆட்டினான்.

"எத்தன மணி பஸ்ஸுக்குப் போகணும்?"

"முதல் பஸ்ஸு."

"வாரது?"

அவன் அவிழ்ந்த மடியைக் கட்டத் தொடங்கினான். சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

முன்னால் போனவர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சௌந்தரம் கத்தரிப்பூச் சேலையின் முந்தியை எடுத்தாள். சாவியை அதில் வைத்து, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"அந்தக் கடைக்கும் புதன்கிழமைதான் லீவு. ஒத்துக்கிட்டா சாவி வரும்" என்றாள். மாமனாரையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"சரி. வேற?"